பேஸ்மென்டுக்கும் 21 பாகை வேண்டும்

குளிர் தொடங்கிவிட்டது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாடகை விளம்பரங்களும் வரிசையாக வரத் தொடங்கிவிட்டன. "இரண்டு அறை பேஸ்மென்ட், தனி வாசல், பஸ் பக்கத்தில், ஹீட், ஹைட்ரோ (மின்சாரம்), இன்டர்நெட் எல்லாம் அடக்கம்." இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்விதான் வருகிறது. ஹீட் அடக்கம் என்றால் எத்தனை பாகை? அதை எங்கே வைத்து அளக்கிறீர்கள், மேலேயா கீழேயா?

2020 நத்தார் நேரம் நாங்களும் ஒரு பேஸ்மென்டில், அதாவது ஒரு வீட்டின் நிலத்தடித் தளத்தில்தான் இருந்தோம். இப்போது இல்லை. ஆனால் எங்கள் சனத்தில் எத்தனையோ குடும்பங்கள் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கின்றன. படிக்க வந்த பிள்ளைகள், புதிதாகக் கலியாணம் செய்தவர்கள், வேலை போனவர்கள், வயதான தனி ஆட்கள். வாடகைக்குக் கொடுப்பவர்களிலும் நிறையப் பேர் எங்கள் ஆட்களே. ஆகவே இது நாங்கள் எங்களுக்குள் வெளிப்படையாகக் கதைக்க வேண்டிய விசயம்.

அந்த மாதங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நவம்பர் 23ஆம் திகதி ரொறன்ரோவும் பீல் பகுதியும் கொறோனா முடக்கத்துக்குள் போயின. தேவாலயத்துக்குள் பத்துப் பேருக்கு மேல் கூடாது என்றதால் மாமி நத்தார்ப் பூசையைச் செபமாலையும் கையுமாகத் தொலைக்காட்சியில் கண்டார். டிசம்பர் 26 முதல் ஒன்ராறியோ முழுவதும் முடக்கம். பிறகு 2021 ஜனவரி 14, சரியாகத் தைப்பொங்கல் அன்று, அவசியத் தேவை இல்லாமல் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்ற ஆணையே நடைமுறைக்கு வந்தது. நோயைத் தடுக்க அது தேவைப்பட்டது, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வீட்டுக்குள் இருங்கள் என்று சொன்னவர்கள் யாரும் அந்த வீட்டுக்குள் எவ்வளவு குளிர் என்று கேட்கவில்லை.

அதுவரைக்கும் எங்கள் பேஸ்மென்டின் குளிர் எங்களுக்கே முழுதாகத் தெரியாமல் இருந்தது. காரணம், பகலில் அங்கே யாரும் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில், நான் வேலையில், மாமி நூலகத்திலோ மோலிலோ தன் சிநேகிதிகளோடு. ஊரார் சூடாக்கிய கட்டடங்களில் பகலைக் கழித்துவிட்டு, இரவில் போர்வைக்குள் புகுந்துவிடுவோம். கொறோனா வந்து அந்தக் கதவுகளையெல்லாம் மூடிய பிறகுதான், இருபத்துநான்கு மணி நேரமும் அந்த வீட்டில் வாழ்வது எப்படி என்று தெரிந்தது. கணவருக்கு உணவுப் பொருள் கிடங்கில் இரவு வேலை. அவர் பகலில் தூங்க வேண்டும். மகள் தொப்பி போட்டு, கால்களைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கணினி முன்னால் இரண்டாம் வகுப்புப் பாடம் படிக்க வேண்டும். மாமிக்கு மூட்டு நோ. மல்லித் தண்ணீரும் இஞ்சித் தேத்தண்ணியுமாக அடுப்பு அணையவே இல்லை. சமைப்பதற்காக மட்டும் அல்ல, அந்தப் பக்கம் கொஞ்சம் வெக்கையாக இருக்கும் என்பதாலும் எல்லோரும் குசினியிலேயே கூடி நின்றோம்.

நத்தார் அன்று பின்னேரம் நிலைமை இன்னும் மோசமானது. பேஸ்மென்டில் வென்ட் எல்லாம் சீலிங்கில்தான் இருக்கும். கையை உயர்த்திப் பிடித்தால் முதலில் நல்ல சூட்டுக் காற்று வந்தது. ஐந்து நிமிடம் போனதும் அதே துவாரத்தால் பச்சைத் தண்ணி மாதிரிக் குளிர்காற்று. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சூடு, திரும்பக் குளிர். மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த சின்ன வெப்பமானி 16 காட்டியது. மேலே இருந்த வீட்டுக்கார அண்ணைக்குப் போன் அடித்தேன்.

"தங்கச்சி, இஞ்ச மேல 22 காட்டுது. நல்ல சூடாத்தானே இருக்கு."

"அண்ணை, ஒருக்காக் கீழ வந்து பாருங்கோ."

"கொறோனா நேரத்தில எப்பிடியம்மா உள்ள வாறது? நாளைக்குப் பாப்பம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் வீட்டில் 22 தான். வீட்டு வெப்பத்தைப் பார்த்து ஃபர்னஸை (சூட்டுக் காற்று அனுப்பும் மெசினை) ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் இருந்தது மேலே, குசினிக்குப் பக்கத்து நடையில். நத்தாருக்கு மேலே ஓவனில் இறைச்சி, அடுப்பில் சோறு, கறி. அந்த வெக்கையிலேயே தெர்மோஸ்டாட் போதும் என்று முடிவெடுத்து ஃபர்னஸை நிறுத்திவிடும். சூட்டுக் காற்று மேலே போகும் இயல்புடையது. கீழே மூன்று பக்கமும் மண்ணை ஒட்டிய கொங்கிறீற் சுவர், காலுக்குக் கீழே கொங்கிறீற் தரை. இந்த அமைப்பில் மேலே 22 என்றால் கீழே 22 ஆக இருக்க வாய்ப்பே இல்லை. இதை விளங்கிக்கொள்ளப் பொறியியல் படிப்புத் தேவையில்லை. கீழே இறங்கி வந்து பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

அன்றிரவு இரண்டு மின்சார ஹீட்டர்களைப் போட்டோம். 1,500 வாட் ஹீட்டர் ஒன்று 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். அறைகளுக்குப் போகும் பிரேக்கர் 15 ஆம்பியர். இரண்டு அறையும் ஒரே இணைப்பில் இருந்ததால் இரண்டாவதைப் போட்டதும் எல்லாம் இருண்டுவிட்டது. பாலன் குடிலின் சின்ன விளக்குகளும் அணைந்தன. மகள் அழத் தொடங்கிவிட்டாள். "ஓவனைத் திறந்து விடு பிள்ளை, வீடு சூடாகும்" என்றார் மாமி. நான் விடவில்லை. எங்களுடையது மின்சார அடுப்பு, பிள்ளை ஓடித் திரியும் வீட்டில் அது சுட்டுவிடும். கேஸ் அடுப்பாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது, காபன் மொனொக்சைட் மணமே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இது உயிர் விசயம். 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் பனிமழை கொட்டி இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். சில இடங்களில் நத்தார் முடிந்த பிறகுதான் வந்தது. அந்த நாட்களில் குளிர் தாங்காமல் கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் வைத்து நச்சு வாயுவில் மாட்டிய குடும்பங்கள் இருந்தன. அதற்கு முன்னர், 2008 டிசம்பரில், வூட்ஸ்டொக் நகரத்தில் கேஸ் நெருப்பிடத்தின் புகைவழி அடைபட்டுத் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே இறந்தது. தாய் ஒரு பொலிஸ் அதிகாரி. அவர்கள் பெயரில் வந்த ஹோக்கின்ஸ்-ஜினாக் சட்டத்தைத் தொடர்ந்துதான், கேஸ் ஃபர்னஸ் போன்றவை உள்ள ஒன்ராறியோ வீடுகளில் தூங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயமானது. ஃபர்னஸ் இருக்கும் அறைக்கு அடுத்த சுவரில் தலைவைத்துப் படுப்பவர்கள் பேஸ்மென்ட் ஆட்கள்தான். கீழே அலாரம் இல்லாமல் ஒருவரைக் குடிவைப்பதை நான் மன்னிக்கக்கூடிய கவனக்குறைவாகப் பார்க்க மாட்டேன்.

அடுத்த நாள் திருத்துபவர் வந்தார், எங்கள் தமிழ்ப் பெடியன்தான். வாசலில் நின்று காய்ச்சல் இருக்கிறதா, யாராவது தனிமைப்படுத்தலில் இருக்கிறீர்களா என்று கேட்டு, இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தார். ஃபர்னஸ் அறைக்கு எங்கள் இருப்பறைக்குள்ளால்தான் போக வேண்டும். நாங்கள் நாலு பேரும் ஒரு அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். அவர் முன்பக்கத் தகட்டைக் கழற்றி, மின்னிக்கொண்டிருந்த சின்ன விளக்கை எண்ணிப் பார்த்து, உடனே பில்டரை இழுத்து எடுத்தார். மேல்வீட்டு அண்ணை கொறோனாப் பயத்தில், வைரஸையும் பிடிக்கும் என்று யாரோ சொல்ல, கடையில் இருந்ததில் அடர்த்தியான பில்டரை வாங்கிப் போட்டிருக்கிறார். அது தூசி பிடித்துச் சாம்பல் நிறத்தில் அடைபட்டுக் கிடந்தது. காற்று போதாமல் ஃபர்னஸ் உள்ளே அளவுக்கு மீறிச் சூடாகிறது. உடனே பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை நிறுத்துகிறது. காற்றாடி மட்டும் தொடர்ந்து சுற்றிக் குளிர்காற்றைத் தள்ளுகிறது. "அக்கா, பழைய மெசினுக்கு இது மூச்சு முட்டும்" என்று சொல்லி அளவான பில்டரைப் போட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் அந்தக் குளிரிலும் ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். வேறு என்ன செய்ய முடியும் அந்த நேரத்தில்.

அண்ணையில் எனக்குக் கோபம் இல்லை. மேலும் கீழும் ஒரே குழாயில் ஒரே காற்றுத்தான் ஓடுகிறது என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. ஆனால் திருத்திய பிறகும் எங்கள் வெப்பமானி 18ஐத் தாண்டவில்லை. பழுது போய்விட்டது, தெர்மோஸ்டாட் அதே இடத்தில்தான் இருந்தது. ஃபர்னஸ் பழுதானால் யாராவது வருவார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும்போதே கீழே குளிர்கிறது என்றால் அதை யாரும் பழுதாகவே எடுப்பதில்லை, ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ரொறன்ரோவின் வெப்ப விதி அந்த நேரம் தெளிவாகவே இருந்தது. செப்டெம்பர் 15 முதல் ஜூன் 1 வரை, வெப்பம் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பாக உள்ள வாடகை வீடுகளில் குறைந்தது 21 பாகை. அது வாடகைக்காரர் வாழும் இடத்தில் இருக்க வேண்டிய வெப்பம். மேல்வீட்டு நடையில் எத்தனை காட்டுகிறது என்பது கணக்கில் வராது. இது தெரிந்தும் நாங்கள் நகரசபையின் 311 தொலைபேசி எண்ணுக்கு அடிக்கவில்லை. ஏன் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நகரசபை ஆள் வந்தால் பேஸ்மென்ட் அனுமதி எடுத்ததா என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் பெருந்தொற்றுக்குள் நாங்கள் எங்கே போவது? அண்ணையின் மனைவிதான் எங்கள் கலியாணத்துக்குப் பலகாரம் சுட்டுத் தந்தவர், அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? ஊர்ப் பழக்கம், நன்றிக்கடன், வெட்கம் எல்லாம் சேர்ந்து பிள்ளையைக் குளிரில் படுக்க வைக்கிறது. இதைத்தான் நான் மாற்றச் சொல்கிறேன். மாதம் பிறந்ததும் முழு வாடகையும் கொடுப்பவர் வெப்பம் கேட்பது உபகாரம் கேட்பது ஆகாது.

வீட்டுக்காரர் பக்கமும் எனக்குத் தெரியும், இப்போது எங்களுக்கும் மோட்கேஜ் இருக்கிறது. கேஸ் பில் கூடும், கீழே இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஹீட்டைக் கூட்டச் சொல்வார்கள், மேலே வியர்க்கும். நியாயமான குறைதான். ஆனால் இதற்கு வழி இல்லாமல் இல்லை. கீழேயும் ஒரு சென்சர் வைத்து, இரண்டு இடத்து வெப்பத்தையும் பார்த்து இயங்கும் தெர்மோஸ்டாட்கள் கடைகளில் இருக்கின்றன. ஃபர்னஸின் காற்றாடியைத் தானாக நின்று ஓடும் 'ஓட்டோ' நிலையில் விடாமல் தொடர்ந்து ஓடவிட்டாலே மேல் கீழ்க் காற்று கொஞ்சம் கலக்கும். மேலே ஆள் புழங்காத அறைகளுக்குப் போகும் குழாயின் தடுப்பைப் பாதி மூடினால் கீழே கூடுதல் காற்று வரும், ஆனால் நிறைய மூடினால் அடைபட்ட பில்டரின் கதைதான். அதுவும் போதாவிட்டால் உரிமம் உள்ள மின்பணியாளரைக் கொண்டு கீழே தனி இணைப்பில், சுவரின் அடியோடு பொருத்தும் பேஸ்போர்ட் ஹீட்டர் போடலாம். காசு செலவாகும். வாடகைக்கு விடுவதில் அதுவும் ஒரு செலவு.

வீடு பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஏற்கெனவே குளிரில் இருப்பவர்கள் ஒரு மலிவு வெப்பமானி வாங்கி வையுங்கள். காலை, இரவு அதைப் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு மரியாதையாக ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், எழுத்தில் இருப்பது முக்கியம். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம், அனுமதி எடுக்காத பேஸ்மென்டில் இருப்பவரையும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வாய்ப்பேச்சில் குடிவந்தவரையும் பாதுகாக்கிறது. வீட்டுக்காரரோடு ஒரே குசினியையோ குளியலறையையோ பகிர்ந்து இருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தாது. எங்கள் மாணவப் பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களை வைத்திருக்கும் அண்ணைமாரும் அக்காமாரும் சட்டம் கேட்காவிட்டாலும் ஹீட்டைக் கூட்டி விடுங்கள்.