அணைந்திருக்கும் நியான் எழுத்துகள்
நியான் பலகைகளை, அதாவது வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாயை எழுத்தாக வளைத்து எரியவிடும் பெயர்ப்பலகைகளை, வரையும் அச்சு ஓவியங்களின் அழகே அந்த இரவு ஒளிதான் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்படிப் பலகைகளை வரைந்த அமெரிக்க ஓவியர் ராபர்ட் காட்டிங்ஹாமை எடுத்துக்கொள்ளுங்கள், 1935இல் புரூக்ளினில் பிறந்தவர், முழுநேர ஓவியராவதற்கு முன் விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். அவருடைய பலகைகளில் பெரும்பாலானவை பட்டப்பகல் வெயிலில் நிற்பவை. குழாய் எரியாது, அது பின்னால் இருக்கும் தகரத்தில் போடும் நிழல்தான் படத்தையே தாங்கும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் இவர் படங்களை "போட்டோவைப் பார்த்து அப்படியே போட்டது" என்று சொல்லியிருக்கிறார். போட்டோவில் தொடங்குவது உண்மைதான், ஆனால் எங்கே வெட்டுவது என்பது அவர் முடிவு. 'ஆர்ஃபியம்' என்ற தியேட்டர் பெயரை 'ஆர்ஃப்' என்று பாதியில் நிறுத்தியதும் அது பெயராக இல்லாமல் வெறும் வடிவமாகிவிடுகிறது. வலைத்துணி வழியே மையைத் தள்ளி அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்ட் முறையை நான் கற்றபோது அணைந்த குழாய் எழுத்து ஒன்றை அச்சடித்துப் பார்த்தேன், சிவப்பு வண்ணம் முதல் தடவையிலேயே சரியாக வந்தது, ஆனால் அந்தக் கண்ணாடியின் மேல் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோட்டுக்கு மை கிடையாது, தாளைத்தான் அப்படியே விட்டுவைக்க வேண்டும், அப்புறம் நிழலுக்கு மட்டும் மூன்று சாம்பல் நிறங்கள் தேவைப்பட்டன.