பீன்ஸைக் குப்பை உணவு என்று சொல்லும் முன்

பெரும்பாலும் பிண்ட்டோ என்ற பீன்ஸ் வகையை வேகவைத்து மசித்து, கொழுப்பிலோ எண்ணெயிலோ பிரட்டிச் செய்யும் மெக்சிகோ உணவு ரீஃப்ரைடு பீன்ஸ். அதைப் பள்ளி மதிய உணவுப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று டெக்சஸின் சான் அன்டோனியோவில் உள்ள நம் பெற்றோர் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் மனுவைப் பற்றியும், அதற்கு முன்னோட்டமாக வந்த குரல் பதிவைப் பற்றியும் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும். "பன்றிக்கொழுப்பில் குழைத்த குப்பை உணவு அது, அதைத் தின்றுதான் இந்த ஊர்க்காரர்களுக்கு இத்தனை சர்க்கரை நோய்" என்று இங்குள்ள மெக்சிகோ வழி மக்களைப் பற்றி அதில் பேசியவர் சொன்னதையும், அதன்கீழ் வரிசையாக விழுந்த சிரிப்புக் குறிகளையும் பார்த்துவிட்டுச் சில நாள்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது மனு என் கையெழுத்தைக் கேட்டுத் தனிச்செய்தியாகவே வந்துவிட்டதால் எழுதுகிறேன். ரீஃப்ரைடு பீன்ஸ் குப்பை உணவு அல்ல. இந்த நகரத்தில் குறைந்த காசுக்குக் கிடைக்கும் மிகச் சத்தான உணவுகளில் அதுவும் ஒன்று.

வேகவைத்த பிண்ட்டோ பீன்ஸ் ஒரு கோப்பையில், அதாவது சுமார் 171 கிராமில், ஏறத்தாழ 245 கலோரியும், 15 கிராம் புரதமும், 15 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய ஃபோலேட் என்ற பி வைட்டமின் 400 மைக்ரோகிராம் என்றால் அதில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக அந்த ஒரே கோப்பை கொடுத்துவிடுகிறது. பொட்டாசியம் 700 மில்லிகிராமுக்கு மேல், இரும்புச்சத்து மூன்றரை மில்லிகிராம், போதாததற்கு மக்னீசியமும் உண்டு. தாவரத்திலிருந்து கிடைக்கும் இரும்பு உடம்பில் எளிதில் சேராது என்பது உண்மைதான். ஆனால் தக்காளி, மிளகாய், எலுமிச்சை சேர்ந்த சல்சாவோடு உண்ணும்போது அவற்றிலுள்ள வைட்டமின் சி அதைச் சேர்க்கிறது. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், பீன்ஸில் குறைவாக உள்ள மெத்தியோனின் டோர்ட்டியா என்ற சோள ரொட்டியிலும், சோளத்தில் குறைவாக உள்ள லைசின் பீன்ஸிலும் இருக்கின்றன. மசித்து வாணலியில் பிரட்டிவிட்டதால் இவை எதுவும் காணாமல் போய்விடுவதில்லை. அமெரிக்க அரசின் 2020–2025 உணவு வழிகாட்டுதலே பீன்ஸைக் காய்கறியாகவும் புரத உணவாகவும் இரண்டு பக்கமும் கணக்கில் சேர்த்தது. அந்தத் தகுதி கிடைத்த உணவுகள் மிகக் குறைவு.

நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை செய்து பெருமையாகப் பரிமாறும் ராஜ்மா எது? அதுவும் பிண்ட்டோ பீன்ஸும் ஒரே தாவர இனம், பாசியோலஸ் வல்காரிஸ். மெக்சிகோ மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கப்பட்ட இனம் அது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்துதான் நமக்கு ராஜ்மா ஆயிற்று. நம் தட்டில் இருக்கும்போது சைவர்களின் புரதமாகவும், அதே பருப்பு அடுத்தவர் தட்டில் இருக்கும்போது நோயாகவும் எப்படி மாறுகிறது என்பதை அந்தக் குரல் பதிவுக்காரர் எனக்குச் சொல்ல வேண்டும்.

"பீன்ஸைச் சொல்லவில்லை, அதில் ஊற்றும் கொழுப்பைத்தான் சொன்னேன்" என்று பிறகு ஒரு விளக்கம் வந்தது. சரி, கொழுப்பைப் பார்ப்போம். எங்கள் எதிர்வீட்டு மூதாட்டி மெக்சிகோவின் மான்டெரே நகரத்திலிருந்து வந்தவர். அவர் அடுப்பருகில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். முதல் நாள் இரவே பீன்ஸை மேசையில் பரப்பிக் கல் பொறுக்கி ஊறவைப்பார். மறுநாள் வெங்காயமும் பூண்டும் போட்டு, விரலால் அழுத்தினால் நசுங்கும்வரை வேகவிடுவார். பிறகு இரும்பு வாணலியில் பன்றிக்கொழுப்பு இரண்டு மேசைக்கரண்டி உருகும், அதில் ஒரு வெங்காய வளையம் ஓரம் கருகும்வரை வதங்கும். அதை எடுத்துப் போட்டுவிட்டு, பீன்ஸை அது வெந்த நீரோடு கரண்டி கரண்டியாக விடுவார். மரமசிப்பானால் மசித்துக்கொண்டே கிளறி, கரண்டி போன வழியில் வாணலியின் அடி தெரியும்போது இறக்கிவிடுவார். அந்த வாணலியில் நான்கு பேர் சாப்பிடுவார்கள். ஒருவர் பங்குக்கு வரும் கொழுப்பு அரை மேசைக்கரண்டி, அதாவது ஆறரை கிராம். அதில் நிறைவுற்ற கொழுப்பு இரண்டரை கிராம். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 8 கிராம் இருக்கிறது, தேங்காய் எண்ணெயில் 11 கிராம் இருக்கிறது. நெய் தோசைக்கும் வெண்பொங்கலுக்கும் நாம் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை, ஆனால் அவருடைய வாணலிக்கு மட்டும் போடுகிறோம்.

பன்றிக்கொழுப்பைத் தொடாதவர்கள் நம் குழுவில் நிறைய இருக்கிறார்கள். அந்த உணர்வை நான் முழுமையாக மதிக்கிறேன், என் மாமியாரும் அப்படிப்பட்டவர்தான். ஆனால் அது அவரவர் நம்பிக்கையும் வழக்கமும் சார்ந்த விஷயம். உணவில் சத்தில்லை என்பதற்கு அது சான்றாகாது. தாவர எண்ணெயில் செய்த டின்கள் இங்கு எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. அதோடு, பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டு அந்தப் பெரிய டின்னின் அட்டையை நானே வாங்கிப் படித்தேன். அதில் பன்றிக்கொழுப்பே இல்லை. மனு எழுதியவர் அந்த அட்டையைப் படித்திருந்தால் மனுவின் முதல் வரியையே எழுதியிருக்க முடியாது.

உப்பைப் பற்றி யாராவது பேசியிருந்தால் நான் தலை குனிந்து கேட்டிருப்பேன், ஏனென்றால் அதுதான் உண்மையான குறை. கடையில் விற்கும் சாதாரண டின்னில் அரைக் கோப்பைக்கு 400 முதல் 500 மில்லிகிராம்வரை சோடியம் இருப்பது வழக்கம். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். முழு பீன்ஸ் டின் என்றால் வடிகட்டி நீரில் அலசினால் உப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறையும், மசித்த பீன்ஸை அலச வழியே இல்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அட்டையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், முடிந்தால் வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டும். மெக்சிகோ அரசு 2020 முதல் உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பொட்டல உணவுகளின்மேல் கறுப்பு எண்கோண முத்திரை போட வைத்திருக்கிறது. உப்பு மிகுந்தால் பீன்ஸ் பொட்டலமும் அதற்குத் தப்பாது. தங்கள் உணவின் குறையை அவர்கள் நம்மைவிடத் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கு வரும் டின்னோ சோடியம் குறைந்த வகை. ஒரு பரிமாறலில் 140 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தப் பெயரை அட்டையில் போட இங்குள்ள விதி அனுமதிப்பதில்லை.

சர்க்கரை நோய்க்கு வருகிறேன். என் கணவருக்கு அது உறுதியானபோது உணவு ஆலோசகர் சொன்ன முதல் மாற்றம், தட்டில் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பீன்ஸை வையுங்கள் என்பதுதான். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு வெறும் சோற்றையும், பிண்ட்டோ, கருப்பு, சிவப்பு பீன்ஸ் சேர்த்த சோற்றையும் மாவுச்சத்து அளவு மாறாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. பீன்ஸ் சேர்ந்தபோது உணவுக்குப் பின் சர்க்கரை குறைவாகவே ஏறியது. மெக்சிகோவில் சர்க்கரை நோய் பெருகிய அதே பத்தாண்டுகளில் தலைக்கு உண்ணும் பீன்ஸின் அளவு குறைந்துகொண்டுதான் வந்தது, குளிர்பானமும் பொட்டலத் தீனியும்தான் கூடின. அதனால்தான் அந்த நாடு 2014-இல் இனிப்புக் குளிர்பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பேசோ வரி போட்டது. பீன்ஸுக்கு யாரும் வரி போடவில்லை.

உணவகத் தட்டைக் காட்டி ஒரு படமும் குழுவில் போட்டார்கள். அதில் பாலாடைக்கட்டி மூன்று இடத்தில் உருகி வழிகிறது, பொரித்த டோர்ட்டியா இருக்கிறது, எண்ணெய்ச் சோறு இருக்கிறது, பக்கத்தில் பெரிய கோப்பையில் சோடா இருக்கிறது. ஓரத்தில் இருக்கும் இரண்டு கரண்டி பீன்ஸின் தலையில் அத்தனை பாவத்தையும் கட்டுவது நியாயமா? வாயுத் தொல்லை என்று சொன்னவர்களுக்கு, ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவிட்டுச் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்ளுங்கள் என்பதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எனக்கு வலித்தது சத்துக் கணக்கில் நேர்ந்த பிழை மட்டுமல்ல. "இந்த ஊர்க்காரர்கள்" என்று அந்தப் பதிவில் சொன்னபோது குரலில் இருந்த இளப்பம்தான் எனக்குத் தாங்கவில்லை. நம் வீட்டுக் கூரையை மாற்றியவர்களும், நம் பிள்ளைகளின் வகுப்பறையைத் துடைப்பவர்களும், என் பிரசவத்தின்போது சொந்தக்காரர் ஒருவர்கூட இங்கே இல்லாத நிலையில் தூக்குச்சட்டியில் சூடாக பீன்ஸ் சூப் கொண்டுவந்து கொடுத்தவரும் அந்த ஊர்க்காரர்கள்தாம். நம் பிள்ளைகளின் சாம்பார் டப்பாவைப் பார்த்து வகுப்பில் யாரோ மூக்கைப் பொத்தினார்கள் என்று இதே குழுவில் எத்தனை நாள் குமுறினோம்? மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சோளமும் பீன்ஸும் மிளகாயும்தான் அதன் அடித்தளம். அதை மதிக்க மனமில்லை என்றாலும், தெரியாமல் ஏளனம் செய்யாமலாவது இருக்கலாம்.

"நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள், நாங்கள் பிள்ளைகளின் நலனைத்தான் பார்க்கிறோம்" என்று இதற்குக் கீழே ஒருவர் எழுதுவார். பிள்ளைகளின் நலனைப் பார்ப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும். பள்ளி மதிய உணவுக்கான 2012-ஆம் ஆண்டு விதிப்படி வாரத்துக்கு அரைக் கோப்பையாவது பருப்பு வகை பட்டியலில் இருந்தாக வேண்டும். இதை நீக்கினால் அந்த இடத்தில் வேறு ஏதாவது பீன்ஸ் வரும். பழகிய சுவையில் இருக்கும் இதைத் தின்னும் பிள்ளைகள் அதை அப்படியே குப்பைத்தொட்டியில் கொட்டுவார்கள். அந்த மதிய உணவை நம்பியே பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குத்தான் இழப்பு, வீட்டிலிருந்து டப்பா கட்டி அனுப்பும் நமக்கு ஒன்றும் குறையப்போவதில்லை.

அதே பட்டியலில் இருக்கும் சாக்லேட் பாலைப் பற்றி மனுவில் ஒரு வரிகூட இல்லை. சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி ஒரு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். இந்த மனுவில் போடமாட்டேன். தயவுசெய்து இனி எனக்குத் தனிச்செய்தியில் அனுப்ப வேண்டாம்.