எந்த நேரத்து ஆழம்?

நங்கூரம் போடும்போது "ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி விட்டால் படகில் நிம்மதியாகத் தூங்கலாம்" என்று சொல்வது பாதிதான் சரி. எந்த நேரத்து ஆழம்? பிரான்சின் சான் மாலோவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் சுமார் 12 மீட்டர் ஏறி இறங்கும். பிற்பகல் வற்றத்தில் 3 மீட்டர் என்று பார்த்து 15 மீட்டர் சங்கிலி விட்டவருக்கு, இரவு ஏற்றத்தில் அது தரையைத் தொடவே போதாது. நங்கூரம் அந்தரத்தில் தொங்க, படகு போன போக்கில் போகும். இரவின் உச்ச ஆழத்தோடு, நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரத்தையும் (பலரும் மறப்பது இதைத்தான்) கூட்டிய பிறகே மடங்கு போட வேண்டும். சங்கிலி நீண்டால் காற்று திரும்பும்போது படகு சுற்றும் வட்டமும் பெரிதாகும். பக்கத்தில் பாறையோ வேறு படகோ இருந்தால் அந்த இடமே வேண்டாம்.