வலிக்கிறது என்றால் நம்புங்கள்

தீராத வலியோடு இருக்கிறவர்களுக்கு மருந்துக்கு அடுத்தபடி என்ன வேண்டும் என்று கேட்டால், அவர்களுக்கு வலிக்கிறது என்பதை வீட்டில் ஒருவராவது சந்தேகமில்லாமல் நம்ப வேண்டும் என்பேன். அறிவுரை அதற்கு அப்புறம். தெரிந்த வைத்தியர் முகவரி அதற்கும் அப்புறம்.

எனக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பு முழுக்கத் தசைகளில் வலி. எவ்வளவு தூங்கினாலும் காலையில் தூங்காதவள் மாதிரி அசதி. சில நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சொல் வராது. பள்ளியில் வேலை பார்க்கிறேன். கரும்பலகையின் மேல் வரியில் எழுதக் கையைத் தூக்கினால் தோளிலிருந்து முழங்கை வரை இழுக்கும், அதனால் பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறேன். வீட்டில் ஈரச் சேலையைப் பிழிய முடியாது. பார்க்கிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது. வீக்கம் கிடையாது, கட்டு கிடையாது, காய்ச்சல் கிடையாது.

இந்த நோயில் பெரிய சங்கடமே அதுதான். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எதிலும் அகப்படாது. தைராய்டு குறைபாடு, முடக்குவாதம் போன்றவை இல்லை என்று உறுதி செய்யத்தான் அத்தனை டெஸ்டும். 1990இல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் வகுத்த முறையில், உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடத்திலாவது வலித்தால் இந்த நோய் என்று வைத்திருந்தார்கள். 2010இல் அதை மாற்றினார்கள். எங்கெங்கே வலி, தூக்கம் எப்படி, அசதி எவ்வளவு என்று நோயாளியிடம் கேட்டே முடிவு செய்யலாம் என்று வந்தது. ஆக, நாங்கள் சொல்வதுதான் சாட்சி. அதை வீட்டிலேயே ஏற்கவில்லை என்றால் வேறு எங்கே போய்ச் சொல்வது?

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னு வந்திருச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்கிற நிம்மதி அவர்களுக்கு. கேட்கிற எங்களுக்கோ, இனி வலிக்கிறது என்று வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்ன மாதிரி இருக்கும்.

2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கட்டைவிரல் நகத்தில் அழுத்தம் கொடுத்து, அதே நேரத்தில் மூளை வேலை செய்வதைக் காட்டும் தனி வகை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு லேசாகத் தெரிந்த அழுத்தம் நோயாளிகளுக்கு நன்றாக வலித்தது. அவர்களுடைய மூளையில் வலியை உணரும் பகுதிகளும் அதற்கேற்ப வேலை செய்தன. நடிப்பு, செல்லம், வேலைக்குப் பயந்த சாக்கு என்று பெண்கள் காலங்காலமாகக் கேட்டு வந்ததற்கு இது ஒரு பதில். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களிடம்தான் அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது. பெண்ணின் வலி என்றால் நம் வீடுகளில் எத்தனை தூரம் காதில் விழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அமிட்ரிப்டிலின், டுலக்ஸிடின் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். வீட்டில் யாராவது செல்போனில் பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள், மனச்சோர்வுக்கான மாத்திரை என்று வரும். அவ்வளவுதான், "எல்லாம் மனசுலதான்" என்று தீர்ப்பு. தண்டுவடத்தில் வலிச் செய்தியை அடக்கி வைக்கும் நரம்புப் பாதைகள் செரட்டோனின், நார்அட்ரினலின் என்கிற ரசாயனங்களை வைத்துத்தான் வேலை செய்கின்றன. இந்த மாத்திரைகள் அந்த வேலைக்குத் துணை செய்கின்றன, அதற்காகத்தான் தருகிறார்கள். மனச்சோர்வுக்காகவே தந்தாலும் அதில் குனிந்து நிற்க என்ன இருக்கிறது? வருடக்கணக்காக வலிக்கிற உடம்புக்குள் இருக்கும் மனது சோராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆதரவு என்றால் கட்டிப்பிடித்து அழுவது, மணிக்கணக்கில் பேசுவது என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கள் அத்தை, அதாவது மாமியார், அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. என் நோயின் பெயரும் அவர்களுக்கு இன்றுவரை வாயில் நுழையாது. ஆனால் தண்ணீர் வரும் நாளில் எனக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும் குடங்களை மட்டும் பாதி நிரப்பி வைத்திருப்பார்கள். தேங்காயை முன்பே துருவி டப்பாவில் போட்டிருப்பார்கள். கேட்டால், "சும்மா இருந்தேன், துருவினேன்" என்பார்கள். வலி கூடுதலாக இருக்கும் நாள் எது என்று அவர்கள் என் நடையைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். இதைவிடப் பெரிய ஆறுதல் எனக்குத் தெரியவில்லை.

இன்னொருத்தி என் தோழி. பலரும் "சரியாயிருச்சா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை என்று சொல்லச் சொல்ல நமக்கே குற்ற உணர்வு வந்துவிடும், அவர்களை ஏமாற்றுகிற மாதிரி. இவள் "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்பாள். மோசம் என்றால் மோசம், பரவாயில்லை என்றால் பரவாயில்லை. உடனே எண்ணெய், கஷாயம், யோகா வகுப்பு என்று ஆரம்பிக்க மாட்டாள். சாயங்காலம் வந்து தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போவாள். யூலார் என்கிற ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவ அமைப்பு இந்த நோய்க்குத் தந்த 2016 வழிகாட்டுதலில், அழுத்தமான பரிந்துரை கிடைத்தது உடற்பயிற்சிக்கு மட்டும்தான், எந்த மாத்திரைக்கும் இல்லை. வலிக்கிற உடம்பை எழுப்பி வெளியே நடத்திக்கொண்டு போவது தனி ஆளால் ஆகிற காரியமா? கூட வர ஒருவர் வேண்டும். அன்புக்கும் வைத்தியத்துக்கும் நடுவில் பெரிய மதில் எதுவும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

உலக வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியது. வலி என்பது உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்பது முன்பே இருந்ததுதான். கூடவே, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தப் பேச்சை மதிக்க வேண்டும் என்றும் குறிப்பு சேர்த்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும், வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. நல்ல காரியம். வருகிறவர்கள் கை காலைப் பார்ப்பதோடு, "ராத்திரி தூங்குறீங்களா, மனசு எப்படி இருக்கு, வீட்ல யாரு துணை?" என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி, சாந்த்வனப் பராமரிப்பு (நோயின் வேதனையைத் தணித்து ஆறுதல் தரும் கவனிப்பு) இயக்கத்திலிருந்து, பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களே வீடு வீடாகப் போய் நோயாளியோடு உட்கார்ந்து பேசுகிற வழக்கம் கேரளம் முழுக்கப் பரவியது. பெரிய கட்டடமோ மெஷினோ கேட்காத வேலை அது. இங்கேயும் முடியும். புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிடாமல், எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கும் அது வர வேண்டும்.

பேச ஆளே இல்லாதவர்கள், இருந்து என்ன பயன் என்கிற எண்ணம் எட்டிப்பார்க்கிறவர்கள், 14416க்கு ஒரு தடவை கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற இலவச மனநலச் சேவை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். வலி ஒரு உடம்பு நோய்தானே, இங்கே எதற்கு என்று தயங்க வேண்டாம்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்னைப் பார்க்கும் டாக்டர் ஒருநாள் வெளியே நின்ற என் கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "வலி நிஜம் சார். ரேடியோவுல சத்தத்தைக் கூட்டி வச்ச மாதிரி இவங்க நரம்புல வலி கூட்டி வச்சுருக்கு. குறைக்கலாம், ஆனா மெதுவாத்தான்" என்றார். அவர் கேட்ட சந்தேகங்களுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் எத்தனையோ தடவை சொன்னதுதான், ஆனால் டாக்டர் வாயால் நேரே கேட்டபின் வீட்டில் பேச்சே மாறியது. "இன்னும் படுத்திருக்கியா" என்பது போய், "இன்னைக்கு எந்த வேலையை நான் எடுத்துக்க?" என்று வந்தது. கணவருக்கும் பாரம் இருக்கிறது, அவரும் யாரிடமாவது கொட்ட வேண்டும், அதையும் இப்போது பேசிக்கொள்கிறோம். அடுத்த முறை உங்கள் வீட்டில் வலியோடு இருப்பவர் டாக்டரைப் பார்க்கப் போகும்போது, வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே நிற்காதீர்கள். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு என்ன புரியவில்லையோ அதை நீங்களே கேளுங்கள்.