இரண்டாம் சுற்று வாக்கு இனாம் அல்ல

அந்த அண்ணர் நேற்றைய நேரலையில் பேசியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2022 பிரான்ஸ் ஜனாதிபதித் தேர்தலில், முதல் சுற்றில் முந்திய இருவர் மட்டும் மோதும் இரண்டாம் சுற்றில், எவருக்கும் போடாமல் வெள்ளைச் சீட்டுப் போட்டவர்கள் எல்லாம் தீவிர வலதுசாரி மரின் லு பென்னின் ஆட்களாம். கீழே கைதட்டல் வேறு. பெயரை எழுத மாட்டேன். அவருக்கு இருக்கும் விளம்பரம் போதும்.

நான் வெள்ளைச் சீட்டுப் போட்டவன் அல்ல. 2017-இலும் 2022-இலும் இரண்டாம் சுற்றில் மக்ரோனுக்கே போட்டேன். பிடித்துப்போய் அல்ல, லு பென் ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்குள் நுழையக்கூடாது என்பதற்காக. 2022 முதல் சுற்றில் மக்ரோனுக்கு விழுந்தது ஏறத்தாழ 98 லட்சம் வாக்கு. இரண்டாம் சுற்றில் 1 கோடியே 88 லட்சம். இரண்டே வாரத்தில் மிச்சப் பேருக்கெல்லாம் அவர் மேல் காதலா வந்துவிட்டது?

அது அவருக்கே தெரியும். பலர் என் கருத்துகளுக்காக அல்ல, தீவிர வலதுசாரிகளைத் தடுக்கவே வாக்களித்தீர்கள், அந்த வாக்குக்கு நான் கடமைப்பட்டவன் என்று வென்ற இரவிலேயே சொன்னார். அடுத்த மார்ச்சில் ஓய்வு வயது 62-இலிருந்து 64. தேசிய சபையில் வாக்கெடுப்புக்கூட இல்லை, வாக்கெடுப்பின்றிச் சட்டத்தை நிறைவேற்ற வழிவிடும் அரசியலமைப்பின் 49.3 பிரிவு போதுமாக இருந்தது. விடியற்காலை ரயிலில் துப்புரவு வேலைக்குப் போகும் என் மனைவி ஓய்வுக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்று அன்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு அந்த உயர்வை இடைநிறுத்தினார்களே என்பீர்கள். ஆம், 2025-இல், அரசாங்கம் கவிழும் நிலை வந்த பிறகு. 2024 ஜூலை நாடாளுமன்றத் தேர்தலிலும் மக்கள் லு பென்னின் கட்சியைத் தடுத்தார்கள். பரிசாகக் கிடைத்தது, நான்காவதாக வந்த அணியிலிருந்து பார்னியே என்ற பிரதமர்.

2022 இரண்டாம் சுற்றன்று எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் வாக்கு எண்ண உட்கார்ந்திருந்தேன். ஒரு உறைக்குள் மக்ரோன் சீட்டு. ஓரத்தில் நீல மையில் "உங்களுக்காக அல்ல" என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. எழுதினால் செல்லாது. எதிரே இருந்த முதிய பெண்மணி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார், ஒன்றும் சொல்லாமல் செல்லாதவற்றோடு வைத்தார். நாடு முழுவதும் அன்று வெள்ளையும் செல்லாததுமாக 30 லட்சத்துக்கு மேல். இத்தனை பேரும் லு பென்னின் ஆட்களா, அண்ணர்?

"வெள்ளைச் சீட்டு கடைசியில் அவர்களுக்குத்தானே உதவும்?" உதவலாம். அதை என்னிடம் கேட்பதைவிட, ஒவ்வொரு முறையும் வாக்கை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியவர்களிடம் கேளுங்கள்.

"இடதுசாரி மெலன்சோனின் ஆள் நீ" என்று இன்னொருவர் எழுதுவார். எழுதட்டும்.

எனக்கு உறைத்தது வேறு. அகதியாக வந்தவனுக்குத் தேர்ந்தெடுக்கும் ஆடம்பரம் எதற்கு, நன்றியோடு போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று அண்ணர் சொன்னாரே, அது. குடியுரிமை நேர்காணலில் சமத்துவம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டார்கள். உன் வாக்கு பாதி வாக்கு என்று அந்த அதிகாரிகூடச் சொல்லவில்லை. அதை நம் ஆள் ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

2027-இல் மக்ரோன் நிற்க முடியாது. எதிரே நிற்பது லு பென்னோ அவர் கட்சியின் பார்தெல்லாவோ, இந்தப் பக்கம் மக்ரோனின் முன்னாள் பிரதமர் எதுவார் பிலிப்போ வேறு யாரோ, மறுபடியும் "தடுக்க வாருங்கள்" என்றுதான் அழைப்பார்கள். ஓய்வு வயதுக்கும் வாடகைக்கும் என்ன செய்வீர்கள் என்று முதல் சுற்றுக்கு முன்பே சொல்லட்டும். அண்ணர் அடுத்த நேரலையில் அவர்களைக் கூப்பிட்டு இதைக் கேட்கட்டும். எங்களுக்குப் பாடம் எடுப்பதைப் பிறகு பார்க்கலாம்.