கலயத்தை உடைச்சா ஒழுக்கம் வந்துருமா?

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. தோப்புக்குள்ள கள்ளுக் கலயத்தை லத்தியால உடைக்கிறாங்க, சுத்தி நின்னு கைதட்டுறாங்க. கீழ ஒரு கமெண்ட்: "எல்லாம் கொழிஞ்சாம்பாறைக்காரனுக பழக்கிவிட்டது." நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். கேரளாவுல பாலக்காடு ஜில்லா, தமிழ் பேசுற எல்லையோர ஊரு. அதான் எழுதறேன்.

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், கேரளாவுல, கள்ளு இறக்குறது லைசென்ஸ் உள்ள தொழில். எங்க சித்தூர் தாலுகா கள்ளு வண்டி வண்டியா மத்த ஜில்லாக்களுக்குப் போகுது. இறக்குறவருக்கு நலநிதி உண்டு, பென்ஷன் உண்டு. அந்தப் பக்கம், தமிழ்நாட்டுல, 1987லிருந்து தடை. அதே மண்ணு, அதே தென்னை. ஆனா 2003லிருந்து அரசாங்கமே கடை போட்டு 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கு விக்குது. அது வருமானமாம், இது குற்றமாம்.

எங்க மாமாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு. ஒருக்கா அவரைப் பிடிச்சப்போ பாளை சீவுற கத்தியோட, பாளையைத் தட்டுற எலும்பையும் சாட்சின்னு எடுத்துட்டுப் போனாங்க. என்னமோ கொலை கேஸ் மாதிரி! அத்தை ஸ்டேஷன் வாசல்ல உக்காந்திருந்தாங்க. எதிர்ல டாஸ்மாக், ஜேஜேன்னு கூட்டம்.

"கள்ளுல ஸ்பிரிட் கலக்குறீங்களே"ம்பீங்க. கலக்குறான். எக்சைஸ் பிடிக்குது, பேப்பர்ல வருது. லைசென்ஸ் கடை இருந்தாத்தானே போய்ச் சோதிக்க முடியும்? 2024ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தாங்களே, கள்ளு குடிச்சா? மெத்தனால் சாராயம் சாமி அது.

குடும்பம் கெடும்னு சொல்ற அக்காமாருக்கு எங்கிட்ட பதில் இல்லீங்க. வாஸ்தவம்தான். அதை டாஸ்மாக் முன்னாடியும் நின்னு சொல்லுங்க, நானும் வர்றேன்.

எங்க கவர்மெண்ட் மட்டும் யோக்கியமான்னு கேட்பீங்க. பாலக்காட்டுப் பக்கம் தண்ணிக்கு அல்லாடுற எலப்புள்ளியில 2025ல மது ஆலைக்கு அனுமதி குடுத்தவங்களை நான் எதுக்குத் தாங்கப் போறேன்?

எனக்கு வலிக்கிறது வேற. இங்க ஆபீசுக்குப் போனா, தமிழன்னு நாங்க 'பாண்டி'. அங்க வந்தா 'மலையாளத்தான்'. பிள்ளைக்குத் தமிழ்ப் புஸ்தகம் கேட்டு நாங்க அலையறப்போ ஒருத்தரும் வீடியோ போடலை. பழி போடணும்னா மட்டும் ஊர்ப் பேர் ஞாபகம் வருது. ஞாயித்துக்கிழமை எங்க கள்ளு ஷாப்பு வாசல்ல நிக்கிற வண்டிகளோட நம்பர் பிளேட்டைப் பாருங்க, முக்கால்வாசி தமிழ்நாடு. குடும்பத்தோட வந்து கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் தின்னுட்டுப் போறாங்க. சந்தோஷமா வரட்டும்.

மாசா மாசம் ஒண்ணாம் தேதி இங்க பெவ்கோ, அதான் கேரளா அரசாங்கத்தோட மதுக்கடை, லீவு. அன்னைக்கு எங்க ஆளுக பைக்கை எடுத்துட்டு உங்க டாஸ்மாக்குக்கு வருவாங்க. அப்பவும் யார் யாரைக் கெடுத்தாங்கன்னு அதே கமெண்ட்டுல எழுதுங்கண்ணா, படிக்கிறேன்.