லூட்டன் டவுனும் அந்த 6 புள்ளிகளும்

இங்கிலாந்தின் சின்ன கால்பந்து கிளப்பான லூட்டன் டவுன் பேச்சை எடுத்தாலே என் நண்பர் ஒருவர் சிரிப்பார். 2023-24-இல் ஒரே ஒரு சீசன் நாட்டின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் ஆடிவிட்டு இறங்கிய அணி அது. "டிக்கெட் எடுத்து பிரீமியர் லீக்கைச் சுற்றிப் பார்த்துட்டுப் போன கோஷ்டிதானே?" என்பார். ரொம்ப நாள் பதில் சொல்லாமல் விட்டிருந்தேன். போன வாரம் 2023-24 சீசனின் புள்ளிப் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

38 ஆட்டங்கள். 6 வெற்றி, 8 டிரா, 24 தோல்வி. 26 புள்ளியோடு 20 அணிகளில் 18-ஆவது இடம். கடைசி மூன்று அணிகள் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். ஒரு படி மேலே நின்று தப்பித்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 32. இடையில் வெறும் 6 புள்ளி. இந்த 6 எங்கே தொலைந்தது என்று தேடுவது லூட்டன் அபிமானிகளுக்கு ஒரு வியாதி. எனக்கும் தொற்றிக்கொண்டது.

நவம்பரில் லிவர்பூல் வந்தது. 80-ஆவது நிமிடத்தில் தஹித் சோங் கோல் போட்டார். அந்தக் குட்டி மைதானம் இடிந்து விழாததே ஆச்சரியம். 95-ஆவது நிமிடத்தில் லூயிஸ் டியாஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார். கொலம்பியாவில் அவருடைய அப்பாவைக் கடத்தி வைத்திருந்த நாட்கள் அவை. சட்டையைத் தூக்கி, உள்ளே "அப்பாவுக்கு விடுதலை" என்று ஸ்பானிஷில் எழுதியிருந்ததைக் காட்டினார். ஆளைத் திட்டவும் மனசு வரவில்லை. அதே ஆட்டத்தில் லூட்டன் ரசிகர்களில் ஒரு கூட்டம் 1989-இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் செத்ததைக் குத்திக்காட்டிக் கோஷம் போட்டது, கிளப் மன்னிப்புக் கேட்டது. பிடித்த அணி என்பதற்காக அதை மறைக்கப் போவதில்லை.

டிசம்பரில் ஆர்சனல். 3-2 என்று முன்னிலையில் கூட இருந்தோம். 3-3 ஆகி, ஆட்டம் முடிகிற நேரத்தில், 97-ஆவது நிமிடத்தில் ஆர்சனலின் டெக்லன் ரைஸ் தலையால் முட்டிக் கோல் போட்டார். 3-4 என்று தோற்றோம். நம்மூரில் விடியப்போகிற நேரம். அப்புறம் எங்கே தூங்குவது?

மூன்றாவது, மார்ச்சில் போர்ன்மத். பாதி ஆட்டத்தில் லூட்டன் 3-0. முடிவில் 3-4.

வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. லிவர்பூலையும் போர்ன்மத்தையும் ஜெயித்து, ஆர்சனலோடு டிரா செய்திருந்தால் கூடுதலாகக் கிடைப்பது ஆட்ட வரிசைப்படி 2, 1, 3. கூட்டிப் பாருங்கள், சரியாக 6. ஃபாரஸ்டுக்குச் சமமாக 32. அப்பாடா என்று மூச்சுவிடப் போகும்போதுதான் கோல் வித்தியாசம் ஞாபகம் வந்தது. புள்ளி சமமானால், போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்துத்தான் இடம் முடிவாகும். லூட்டன் போட்டது 52, வாங்கியது 85. ஃபாரஸ்ட் மைனஸ் 18-இல் நின்றது. அந்த மூன்று ஆட்டங்களையும் நான் விரும்பிய இடத்தில் நிறுத்தினாலும் லூட்டன் மைனஸ் 27-க்கு மேல் ஏறவில்லை. என் கற்பனையில்கூடக் கீழே இறங்கிவிட்டார்கள்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசி நிமிடம் லூட்டனுக்கும் படியளந்தது. ஃபாரஸ்டில் 0-2-லிருந்து மீண்டு அடெபாயோ சமன் செய்தது, பர்ன்லியில் மோரிஸ், கிரிஸ்டல் பேலஸில் வுட்ரோ, திரும்பவும் ஃபாரஸ்டுக்கு எதிராக பெர்ரி. எல்லாமே ஆட்டம் முடிகிற தறுவாயில் வந்த கோல்கள். விதி சதி செய்தது என்று நான் புலம்பினால் அது பாதி உண்மைதான்.

போர்ன்மத் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். அது மறு ஆட்டம். முதல் ஆட்டம் டிசம்பர் 16 அன்று 1-1 என்று இருந்தபோது கேப்டன் டாம் லாக்கியர் பந்துக்குப் பக்கத்தில்கூட இல்லாமல் சரிந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்துக்குள்ளேயே மருத்துவக் குழு உயிரை மீட்டது. ஆட்டம் அப்படியே கைவிடப்பட்டது. அதே மனிதர் அந்த 2023 மே மாதம் வெம்ப்லியில், பிரீமியர் லீக்குக்கு ஏறுவது யார் என்று முடிவு செய்யும் கோவென்ட்ரிக்கு எதிரான பிளே-ஆஃப் இறுதியிலும் விழுந்திருந்தார். அணி பெனால்டியில் 6-5 என்று ஜெயித்து மேலே வந்த நாளில் அவர் மருத்துவமனையில் இருந்தார். அறுவைச் சிகிச்சை முடித்துத் திரும்பி வந்தவருக்கு இரண்டாவது முறை இது. ஒரு வாரம் கழித்து அந்த அணி நியூகாசிலை 1-0 என்று ஜெயித்தது. மூன்று நாளில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை அவர்கள் ஊரிலேயே 3-2. ஜனவரி கடைசியில் பிரைட்டனை 4-0, அடெபாயோ ஹாட்ரிக். முதல் கோல் ஆட்டம் தொடங்கி 18 விநாடியில். சுற்றுலா வந்தவர்கள் இப்படி ஆடுவார்களா?

மைதானத்தைப் பற்றிச் சொல்லாமல் லூட்டனைச் சொல்ல முடியாது. கெனில்வொர்த் ரோடு, 1905-லிருந்து அதே இடம். பாகிஸ்தான், வங்கதேச வம்சாவளிக் குடும்பங்கள் நிறைய வாழும் பரி பார்க் பகுதி. வெளியூர் ரசிகர்கள் ஓக் ரோடு பக்கம் வரிசை வீடுகளுக்கு நடுவே உள்ள ஒரு வாசலில் நுழைய வேண்டும். யாரோ ஒருவர் வீட்டுக்குள் போவது போலவே இருக்கும். உள்ளே இரும்புப் படி ஏறினால் கீழே வீடுகளின் கொல்லைப்புறம். மொத்தம் சுமார் 12,000 பேர்தான் கொள்ளும். பிரீமியர் லீக் விதிகளுக்காக ஒரு பக்கக் கேலரியை இடித்துக் கட்டினார்கள், அதுவும் நேரத்துக்கு முடியவில்லை. ஊரில் நடக்க வேண்டிய முதல் ஆட்டமே தள்ளிப்போனது.

பணம் இருந்தும் ஏன் அள்ளி வீசவில்லை என்று கேட்பார்கள். கடைசி இடத்தில் முடித்தாலே 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கும் லீக் அது. லூட்டனோ ராஸ் பார்க்லியையும் ஆண்ட்ரோஸ் டவுன்சென்டையும் மாற்றுத் தொகை கொடுக்காமல் கூட்டி வந்தது. கஞ்சத்தனம் என்றார்கள். எனக்கு அதில் சூடுபட்ட பூனைதான் தெரிகிறது.

2008-09 சீசனை லூட்டன் மைனஸ் 30 புள்ளியில் தொடங்கியது. ஏஜென்டுகளுக்குப் பணம் கொடுத்ததில் முறைகேடு என்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 10, திவால் நடவடிக்கையிலிருந்து விதிப்படி வெளியே வரவில்லை என்று லீக் 20. தவறு செய்த நிர்வாகம் போய்விட்டது, தண்டனை புதிதாக வந்தவர்கள் தலையில். நாட்டின் மேல் நாலு டிவிஷன்களை விட்டே வெளியே தள்ளப்பட்டு, 5 சீசன் அப்படியே வெளியே கிடந்து, 2014-இல்தான் திரும்பினார்கள். அந்தக் காலத்தில் சேர்ந்த பெல்லி-ருடாக் ம்பான்சு அதே கிளப்போடு படிப்படியாக ஏறி பிரீமியர் லீக்கில் ஆடினார். அப்படி ஏறிய முதல் ஆட்டக்காரர் அவர்.

இப்போது 2023-24. லாப நஷ்ட விதியை மீறி அளவுக்கு மேல் செலவழித்ததற்காக எவர்டனுக்கு முதலில் 10 புள்ளி வெட்டினார்கள், மேல்முறையீட்டில் 6 ஆனது, அப்புறம் இன்னொரு 2. மொத்தம் 8. ஃபாரஸ்டுக்கு 4. இரண்டு கிளப்பும் தப்பித்தன. சும்மா ஒரு கணக்கு: லூட்டனுக்குப் போட்ட அதே 30-ஐ இவர்களுக்கும் போட்டிருந்தால் ஃபாரஸ்டுக்கு 6, எவர்டனுக்கு 18. லூட்டன் 16-ஆவது இடம், பர்ன்லி 17. இரண்டும் தப்பித்திருக்கும். குற்றம் வேறு, விதி வேறு, லீக் வேறு, எல்லாம் தெரியும். எவர்டனுக்கு 30 வெட்டுவது நியாயம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் சின்ன கிளப் சறுக்கினால் பாதாளம், பெரிய கிளப் சறுக்கினால் மேல்முறையீடு என்று எனக்குத் தோன்றுவதை யாரும் குறை சொல்ல முடியாது.

கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணாமல், கையில் இருப்பதை வைத்து ஆடி, கடைசி வாரம் வரை கணக்கில் உயிரோடு இருந்தார்கள். இதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த சீசன் வேறு கதை. அதற்கு என்னிடம் வக்காலத்து இல்லை. பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியவர்களுக்குக் கிடைக்கும் பாராசூட் பணம் இருந்தது, பாதிக்கு மேல் பழைய ஆட்கள் இருந்தார்கள், ஆனாலும் சரிந்தார்கள். 2025 ஜனவரியில் மேனேஜர் ராப் எட்வர்ட்ஸ் போனார். மே மாதம் கடைசி நாளில் வெஸ்ட் பிராமில் 3-5 என்று தோற்று, அடுத்தடுத்து இரண்டு வருடத்தில் இரண்டு படி இறங்கி மூன்றாம் டிவிஷனுக்கு வந்தார்கள். 49 புள்ளி. தப்பித்த ஹல் சிட்டிக்கும் அதே 49.

கோல் வித்தியாசம்தான். இந்த முறை கற்பனையில் இல்லை. நண்பர் சிரித்தே ஆக வேண்டும் என்றால் அந்த சீசனுக்குச் சிரிக்கட்டும், நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறேன்.